விருந்தினர் தட்டில் நோயாளிக்கும் பங்கு

மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பினால், அடுத்த சில நாள்களுக்கு அவ்வீட்டுக்கு விருந்தினர் வந்தவண்ணம் இருப்பர். நலம் விசாரிக்க ஊரிலிருந்து உறவினர் வருவர். தொழிற்சாலையில் உடன் வேலை பார்ப்பவர்கள் இரவுப் பணி முடிந்த கையோடு வருவர். வந்தவர்களுக்கு வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்து அனுப்புவது நம் வழக்கமன்று. முறுக்கு, மிக்சர், பஜ்ஜி, லட்டு என ஒரு தட்டு நிறைய அடுக்கி அவர்கள் முன் வைக்கிறோம். அந்தத் தட்டுக்கு எதிரே சர்க்கரை நோயோ இரத்தக்கொதிப்போ உள்ள நோயாளியும் அமர்ந்திருக்கிறார். அவர் கை நீட்டினால் வீட்டார் முகம் மாறுகிறது. நீட்டாவிட்டால் வந்தவர்கள் வருந்துகிறார்கள். "ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகாது" என்று யாரேனும் ஒருவர் எடுத்துக் கையில் கொடுத்தும் விடுகிறார்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை அளவு ஏன் கூடியது என்று நாங்கள் கேட்டால், வீட்டுக்கு ஆள் வந்திருந்ததையே பலர் காரணமாகச் சொல்கின்றனர். விருந்தோம்பலை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் ஒருபோதும் சொல்வதில்லை. நோயாளிக்கென்று ஓரத்தில் தனிக் கிண்ணம் வைப்பதையும் நாங்கள் விரும்புவதில்லை. அது அவரை உறவினர் நடுவே ஒதுக்கி வைத்தது போலாகிவிடும். அனைவரும் ஒன்றாக எடுத்து உண்ணக்கூடிய ஒரே தட்டை, கண்ணுக்கு அழகாகவும் உடலுக்கு ஏற்றதாகவும் அமைக்க வேண்டும் என்பதே எங்கள் பரிந்துரை.

இதில் நன்மை பெறுபவர் நோயாளி ஒருவர் மட்டுமல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் முந்தைய நிலையில் உள்ளனர். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக அந்த ஆய்வு கணித்தது. நம் கூடத்தில் எட்டு விருந்தினர் அமர்ந்திருந்தால் அவர்களுள் ஒருவருக்கேனும் இந்நோய் இருக்க வாய்ப்புண்டு. அவர் அதை வாய்விட்டுச் சொல்லாமலும் இருக்கலாம்.

கொரியர்களின் ஒன்பது அறைத் தட்டு

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இலும், ஒரகடத்தில் 2010-இலும் பெரிய கார் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றோடும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் ஆலைகளோடும் கொரிய, ஜப்பானியக் குடும்பங்கள் பல இப்பகுதிக்கு வந்தன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்துப் பெயர்ப்பலகையுடன் உணவகங்கள் இருப்பது இப்போது நமக்குப் பழகிப்போன காட்சி. அந்த நாட்டவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு தட்டு உண்டு. அதன் பெயர் 'குஜோல்பான்'. ஒன்பது அறைத் தட்டு என்பது அதன் பொருள்.

எண்கோண வடிவிலான மரத்தட்டு அது. நடு அறையில் மெல்லிய சிறு கோதுமை அடைகள் அடுக்கப்பட்டிருக்கும். சுற்றியுள்ள எட்டு அறைகளில் கேரட், வெள்ளரி, காளான், முட்டையின் மஞ்சள் கரு, வெள்ளைக் கரு, இறைச்சி போன்றவை மெல்லிய இழைகளாக நறுக்கி வைக்கப்பட்டிருக்கும். வெள்ளை, கறுப்பு, பச்சை, சிவப்பு, மஞ்சள் ஆகிய நிறங்கள் அருகருகே அமைய வேண்டும் என்பது மரபு. விருந்தினர் ஓர் அடையை எடுத்து, வேண்டியவற்றை அதில் வைத்துச் சுருட்டி உண்பர்.

மருத்துவக் கண்ணோடு பார்த்தால் இத்தட்டின் சிறப்பு புலப்படும். மாவுப்பண்டத்துக்கு ஓர் அறை. காய்கறிக்கும் புரதத்துக்கும் எட்டு அறைகள். தட்டுக்கு நிறத்தையும் அழகையும் தருபவை காய்கறிகளே. நம் பலகாரத் தட்டிலோ நிலைமை பெரும்பாலும் தலைகீழ்: எட்டுப் பங்கு மாவும் எண்ணெயும் இனிப்பும், காய்கறி இருந்தால் அது பஜ்ஜிக்குள் மறைந்திருக்கும்.

கொலு வீட்டுச் சுண்டல்

கொரியத் தட்டை அப்படியே நம் வீட்டில் செய்ய வேண்டியதில்லை. நம்மிடமே அதற்கு இணையானது உண்டு. நவராத்திரியில் கொலு பார்க்க வருவோருக்குச் சுண்டல் கொடுப்பது தமிழ்நாட்டு வழக்கம். கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி, பாசிப்பயறு, மொச்சை என்று நாளுக்கொரு பயறு. பொரிக்காமல் வேகவைத்து, சிறிதளவு எண்ணெயில் தாளித்து, தேங்காய்த் துருவல் தூவித் தரும் இப்பண்டத்தில் புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்திருப்பதால் இரத்தச் சர்க்கரை மெல்லவே ஏறுகிறது. ஆண்டில் ஒன்பது நாள் மட்டும் செய்யும் இதை மற்ற நாள்களிலும் விருந்தினர் முன் வைக்கத் தடையேதும் இல்லை.

நம் மாவட்டத்துக்கே உரிய காஞ்சிபுரம் இட்லியும் இவ்வகைக்குப் பொருந்தும். மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து ஆவியில் வேகவைத்த இட்லியைச் சிறு கட்டங்களாக வெட்டினால், ஆளுக்கு இரண்டு துண்டு போதும்.

தட்டை அமைக்கும் முறை

எட்டுப் பேருக்கான அளவை இங்கே தருகிறோம். கொண்டைக்கடலை 200 கிராம், முந்தின இரவே ஊறவைத்தது, வெள்ளரிக்காய் 2, கேரட் 2, நன்கு காய்ந்து பழுக்காத கொய்யா 2, வேகவைத்த முட்டை 4, அல்லது அதற்கு ஈடான பன்னீர், காஞ்சிபுரம் இட்லி 16 சிறு துண்டுகள், உப்பில்லாமல் வறுத்த நிலக்கடலை இரண்டு கைப்பிடி, கெட்டித் தயிரில் புதினாவும் கொத்தமல்லியும் அரைத்துக் கலந்த சட்னி ஒரு கிண்ணம்.

அகன்ற தட்டில் வாழையிலையை வட்டமாக வெட்டி விரியுங்கள். பச்சை இலையின் மீது எந்த நிறமும் எடுப்பாகத் தெரியும். நடுவில் சட்னிக் கிண்ணம். அதைச் சுற்றி வெள்ளரி வில்லைகளையும் கேரட் குச்சிகளையும் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துப் பூவிதழ் போல் அடுக்குங்கள். அடுத்த வட்டத்தில் சுண்டலைச் சிறு குவியல்களாக வைத்து, குவியல்களுக்கு இடையே பாதியாக வெட்டிய முட்டையை வையுங்கள். இட்லித் துண்டுகளும் கடலையும் வெளி ஓரத்தில் இருக்கட்டும். கொய்யாத் துண்டுகளின் மீது எலுமிச்சைச் சாறு சில துளி தடவினால் அவை கறுக்கமாட்டா. நீர்விடும் காய்களை வறுத்த கடலையை ஒட்டி வைத்தால் கடலை நமுத்துவிடும். அவற்றைப் பிரித்தே வையுங்கள்.

விருந்தினர் பக்கம் எது திரும்பியிருக்கிறது என்பதும் முக்கியம். முதலில் கண்ணில் படுவதையே கை முதலில் எடுக்கிறது. காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு, மாவுப்பண்டத்தைப் பின்னர் உண்டால், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே காயும் சுண்டலும் முன்னே, இட்லி பின்னே. முறுக்கும் இனிப்பும் இல்லாமல் விருந்தா என்று கேட்கும் பெரியவர்கள் இருப்பின், அவற்றைச் சிறு துண்டுகளாக்கித் தனிச் சிறுதட்டில் கடைசியாகக் கொண்டு வாருங்கள்.

நிறத்துக்காகக் கடையில் விற்கும் பொடிகளைச் சேர்க்க வேண்டாம். ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருந்ததால் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனை 2024 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டதை நினைவிற்கொள்ளுங்கள். பீட்ரூட்டும் மஞ்சளும் கறிவேப்பிலையும் தரும் நிறமே போதும். அச்சு மையில் தீங்கு உண்டாதலால் தட்டின் அடியில் செய்தித்தாளை விரிப்பதும் கூடாது.

குளிர்பானத்துக்குப் பதில் உப்புக் குறைந்த நீர்மோர் கொடுங்கள். இனிப்பூட்டிய குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு குவளை குடித்தால் ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை உண்டதற்குச் சமம். வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவையே. அவை 'நாட்டுப்பொருள்' என்பதால் தீங்கில்லை என்று கருதிவிடலாகாது.

யாருக்கு எதில் கவனம் வேண்டும்

இரத்தக்கொதிப்பும் இதயநோயும் உள்ளவர்களுக்கு உப்பே முதல் எதிரி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், மிக்சர் மூன்றும் சேர்ந்தால் இந்த அளவின் பெரும்பகுதி தட்டிலேயே தீர்ந்துவிடும். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதையும் அளந்தே பயன்படுத்த வேண்டும்.

சிறுநீரக நோயாளிகளுக்கு மேற்சொன்ன தட்டு முழுவதும் பொருந்தாது. பொட்டாசியத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டவர்கள் வாழைப்பழம், கொய்யா, பேரீச்சை, இளநீர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பயறு வகையின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி ஆகியவற்றில் பொட்டாசியம் ஒப்பீட்டளவில் குறைவு. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் சில உப்புகளில் பொட்டாசியம் கலந்திருப்பதால் அவை இவர்களுக்கு ஆபத்தானவை.

இங்கு ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். குறுக்கே வெட்டினால் நட்சத்திர வடிவில் தோன்றும் 'நட்சத்திரப் பழம்' தட்டை அலங்கரிப்பதற்கென்றே பலரால் வாங்கப்படுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலால் அப்பழத்திலுள்ள நச்சுப்பொருளை வெளியேற்ற இயலாது. விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, சில வேளைகளில் உயிரிழப்பும் நேரலாம். இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர் உள்ள வீட்டில் இப்பழம் அலங்காரத்துக்குக்கூட வேண்டாம்.

பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு வறுத்த கடலையும் உதிரும் பண்டங்களும் மூச்சுக்குழலில் சிக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முழுக் கடலை, முழுத் திராட்சை ஆகாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். குழந்தைகள் இருக்கும் கூடத்தில் பல்குத்தும் குச்சியால் பண்டங்களைக் கோக்க வேண்டாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் பச்சை முளைப்பயறும் வெளியிலிருந்து வெட்டி வாங்கிய பழமும் கூடாது.

நேரமும் தூய்மையும்

தட்டு எவ்வளவு அழகாயினும் அதற்கு ஆயுள் குறைவு. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பது பொது விதி. 32 டிகிரி செல்சியசுக்கு மேல் வெயில் காயும் நாள்களில் அது ஒரு மணி நேரமாகக் குறைகிறது. நம் பகுதியில் ஆண்டின் பல மாதங்கள் அத்தகையவையே. விருந்தினர் எப்போது வருவர் என்பது பணி முடியும் நேரத்தையும் பேருந்தையும் பொறுத்தது. ஆதலால் காய்களைக் கழுவி, நறுக்கி, குளிர்பெட்டியில் மூடி வைத்துவிட்டு, அவர்கள் வாசலுக்கு வந்தபின் அடுக்குங்கள். முட்டை, பன்னீர், தயிர்ச் சட்னி ஆகியவற்றைப் பாதி வைத்து, தீர்ந்தபின் மீதியைக் கொண்டு வாருங்கள்.

காத்திருப்பதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டவர், விருந்தினருடன் சேர்ந்து உண்ணலாம் என்று உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவோடு இருப்பின் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். விருந்தினர் தாமதமானாலும் நோயாளி தம் நேரத்துக்கு உண்டுவிட வேண்டும்.

வற்புறுத்தாத உபசாரம்

தட்டை நடுவில் வைத்து, ஒவ்வொருவருக்கும் சிறு தட்டும் கரண்டியும் கொடுத்துவிட்டால், யார் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதை எவரும் எண்ணிக்கொண்டிருக்கமாட்டார். "இன்னும் கொஞ்சம்" என்று இலையில் தள்ளுவதைவிட, "வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது நோய் உள்ளவரை விளக்கம் சொல்லும் சங்கடத்திலிருந்து விடுவிக்கும். நலம் விசாரிக்கச் செல்பவர்களும் இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக, நோயாளிக்கு எந்தப் பழம் ஏற்றது என்று முன்னரே கேட்டு வாங்கிச் செல்லலாம்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் தரப்படும் குறிப்பேட்டில் உணவு பற்றிய பகுதி ஒன்று இருக்கும். புறப்படுவதற்கு முன் உணவியல் நிபுணரிடம் அதைக் காட்டி, "வீட்டுக்கு ஆள் வந்தால் இவர் முன் எவற்றை வைக்கலாம்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் சமைப்பவரும் அப்போது உடனிருப்பது நல்லது.