பினாங்குக் கடற்கரை எங்கே போனது, தெரியுமா?

ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில் நின்று நாலாபக்கமும் பாருங்கள். வங்கிகள் தெரியும், கார்கள் தெரியும். கடல் மட்டும் தெரியாது! ஆனால் பெயர் பொய்யில்லை. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய பிறகு உருவான அந்தத் தெருவின் ஓரத்தில்தான் அன்று அலையடித்தது. 1880-களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ சாலையைப் போட்டார்கள். தெரு இருந்த இடத்திலேயே இருக்க, கடல் கிழக்கே தள்ளிப் போய்விட்டது!

அந்த வெல்ட் கீயில் தண்டவாளமே இல்லாத ஒரு ரயில் நிலையம் இருந்தது, தெரியுமா? மணிக்கூண்டோடு நிற்கும் வெள்ளைக் கட்டடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. உள்ளே போய் டிக்கெட் வாங்குவீர்கள், வெளியே வந்து படகில் ஏறுவீர்கள், நீரிணையைக் கடந்து மறுகரையில் இறங்கினால் அங்கே ரயில் நிற்கும். எங்கே? நம்ம பிறையில்தான்! கோலாலம்பூர் போக வேண்டிய தீவுக்காரர்களுக்கெல்லாம் பிறைதான் வாசல். 1967-இல் பிறை ஆற்றுப் பாலம் வந்து ரயில் பட்டர்வொர்த்துக்குப் போனதோடு அந்தப் பெருமை முடிந்தது. மணிக்கூண்டுக் கட்டடத்தில் இன்று சுங்கத்துறை இருக்கிறது.

சரி, பெர்ரி? என்னைக் கேட்டால், இந்தக் கடற்கரையின் தலைசிறந்த வேடிக்கை அதுதான். 1894-இலேயே தொடங்கிய சேவை! பின்னாளில் வந்த பெரிய பெர்ரிகளில் ஒரு தளம் கார்களுக்கு, இன்னொன்று மனிதர்களுக்கு. பூலாவ் ரிமாவ், பூலாவ் உண்டான், பூலாவ் தாலாங் தாலாங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவின் பெயர். அன்று தீவுக்குப் போகும்போது மட்டும் கட்டணம் வாங்கினார்கள், திரும்பும்போது இலவசம்! கால் மணி நேரம்தான் பயணம்; ஆனால் காற்று வாங்க, கப்பல் பார்க்க, பிள்ளைகளுக்கு ஜெல்லி மீன் காட்ட அதைவிட மலிவான உல்லாசம் வேறெது? 2020-ஆம் ஆண்டோடு கார்களை ஏற்றும் சேவை நின்றது. 2023-இல் புதிய பெர்ரிகள் வந்தன. அவற்றில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் போகலாம், கார் போக முடியாது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கு வந்த ரஜுலா கப்பல்! 1926-இல் கட்டியது, மேல்தளப் பயணிகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் வருவார்கள். நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் இந்தத் துறைமுகத்தில் முதன்முதலாகக் கால் வைத்தார்கள்! 1973-இல் ரஜுலா ஓய்ந்தது, எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு கப்பல் பயணமே முடிந்தது. அதே 1985-இல்தான் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலமும் திறந்தது! ஒரே ஆண்டில் தமிழகத்துக் கடல்வழி மூடியது, பெருநிலத்துக்குத் தரைவழி திறந்தது.

 

கர்னி டிரைவில் மணல் இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா? சவுக்கு மரங்கள், குளிக்க இறங்கும் கூட்டம், எல்லாம் உண்மை! பிறகு மணல் சேறானது. தஞ்சோங் தோக்கோங்கில் கடலைத் தூர்த்ததே காரணம் என்பார்கள். இப்போது கர்னி டிரைவ் முன்னாலும் தூர்த்துப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். பூங்கா அழகுதான். ஆனால் சாலையோரச் சுவரில் உட்கார்ந்து கடலைத் தொட்டுப் பார்க்கும் தூரம் போய்விட்டது.

தூர்க்காத கரையே இல்லையா? இருக்கிறது! தெலுக் பஹாங்கிலிருந்து காட்டுக்குள் நடந்தால் பந்தாய் கெராச்சுட். அங்கே ஒரு குளம்: அடியில் உப்பு நீர், மேலே நல்ல நீர், இரண்டும் கலப்பதில்லை! பக்கத்து மணலில் பச்சை ஆமைகள் ஏறிவந்து முட்டையிடுகின்றன. தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள், ஏற்றம் கொஞ்சம் கடினம்.