வேலைநிறுத்தமும் பயணிகளும்

எட்டயபுரத்தில் இரயில் நிலையம் இல்லை. இரயிலைப் பிடிக்கவும் கோவில்பட்டிக்குப் பேருந்தில்தான் செல்லவேண்டும். 2018 சனவரி 4 மாலை, ஊதியப் பேச்சுவார்த்தை முறிந்ததும் அரசுப் பேருந்துத் தொழிலாளர்கள் பணியை நிறுத்தினர். தமிழகமெங்கும் பயணிகள் தவித்தனர். ஓய்வுபெற்றோரின் நிலுவைத்தொகையையும் தொழிலாளர்கள் கேட்டனர், கோரிக்கை நியாயமானதே. ஆனால் முதல் அடி கூலிவேலைக்குச் செல்வோர்மீது விழுந்தது.

1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தத்தில் நட்டம் ஆலைக்கே. வ.உ.சி. எடுத்துரைத்ததால் நகர மக்கள் தொழிலாளர்களுக்குத் துணைநின்றனர். பத்து நாள்களுக்குள் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன.

வேலைநிறுத்தம் தொழிலாளரின் உரிமை; ஆயினும் இன்றியமையாச் சேவைகள் தடைபடக்கூடாது என்று 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் கற்பித்தார். எனவே, போராடுவோர் தங்கள் காரணத்தை முதலில் பயணிகளிடம் சொல்லட்டும். பயணிகளும் திட்டுவதற்குமுன் அதைக் கேட்கட்டும். இருவருமே உழைத்து உண்பவர்கள்தாமே!