பனிக்காட்டின் சாம்பல் விருந்தினர்

வட அமெரிக்காவின் பேரேரிகளுள் மிகப் பெரியதாகிய சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் துலூத் என்னும் துறைமுக நகரம் அமைந்துள்ளது. அங்கிருந்து வடமேற்கு நோக்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் மோட்டார் வண்டியிற் சென்றால் மினசோட்டா மாநிலத்தின் சாக்ஸ்-சிம் சதுப்பு நிலத்தை அடையலாம். சாக்ஸ், சிம் என்பன முன்னாளில் இருப்புப் பாதையோரத்தில் எழுந்த இரு சிற்றூர்களின் பெயர்கள். ஊர்கள் சிறுத்துப் போயின. சதுப்பு நிலமோ ஏறக்குறைய 300 சதுர மைல் பரப்பில் இன்றும் விரிந்து கிடக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலத்தை வற்றச் செய்து பயிர்நிலமாக்கிவிடலாம் என்று எண்ணியோர் நேர்நேராக வாய்க்கால்கள் வெட்டினர். நீர் அவர்களுக்குப் பணியவில்லை. வெட்டிய வாய்க்கால்களும் அவற்றை அடுத்தோடும் நேர்த் தெருக்களும் மட்டும் எஞ்சின. அத்தெருக்களை வாசகர் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும். நமது கதையின் துயரமான பகுதி அவற்றின் மீதே நிகழ்கின்றது.

இலையுதிர் காலத்தில் ஊசியிலைகளைப் பொன்னிறமாக்கி உதிர்த்துவிடும் டாமராக் மரங்களும், ஆண்டு முழுவதும் கரும்பச்சையாய் நிற்கும் ஸ்புரூஸ் மரங்களும் இங்கே நெருங்கி வளர்ந்துள்ளன. இடையிடையே புல்வெளிகள். மார்கழி, தை மாதங்களில் இவையெல்லாம் வெண்பனியுள் அமிழ்ந்துவிடுகின்றன. இதே மாவட்டத்திலுள்ள டவர் என்னும் ஊரில் 1996 பெப்ரவரி 2ஆந் திகதி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 60 பாகை பரனைற்றுக்கு, அதாவது செல்சியசு அளவில் சுழியத்துக்குக் கீழே 51 பாகைக்கு, இறங்கியது. மினசோட்டா மாநிலத்திற் பதிவான கடுங்குளிர் அதுவே. இத்தகைய இடத்துக்குத்தான், பனி இறுகிய மாதங்களில், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்தும் மனிதர் வந்து கைகளை உரசிக்கொண்டு தெருவோரத்தில் நிற்கின்றனர். அவர்கள் காண வருவது ஓர் ஆந்தையை.

ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று கதவைச் சாத்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக அற்றுவிடவில்லை. பழந்தமிழ்ப் பாடல்களிற் கூகை குழறுமிடம் முதுகாடு. அப்பறவைக்காக ஒருவன் விடுமுறை எடுத்துக்கொண்டு பயணம் புறப்படுவான் என்றால் நம் பாட்டிமார் நகைத்திருப்பர்.

பெருஞ்சாம்பல் ஆந்தை என நாம் பெயரிட்டு வழங்கத்தக்க இப்பறவை, நீளத்தால் ஆந்தை இனத்துள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. விரித்த சிறகு ஐந்தடியை எட்டும். ஆயினும் தோற்றமெல்லாம் இறகே. நிறுத்துப் பார்த்தால் ஒரு கிலோகிராமுக்குச் சற்று முன்னும் பின்னுமாக இருக்கும்; உருவிற் குறுகிய பனி ஆந்தை இதனிலும் கனமானது. வட்டமான பெருமுகம், அதில் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஒன்றனுள் ஒன்றாய்ச் சாம்பல் வளையங்கள், நடுவே இரு சிறிய மஞ்சட் கண்கள், தாடையின் கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டி கட்டினாற்போன்ற ஒரு குறி. மனிதனைக் கண்டு இது பெரிதும் அஞ்சுவதில்லை. பள்ளி ஆய்வாளர் ஒருவர் வகுப்பறையை நோட்டமிடுவதுபோல நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, மீண்டும் பனித்தரையை நோக்கித் திரும்பிக்கொள்கின்றது.

அது தரையைப் பார்க்கவில்லை. தரையைக் கேட்கின்றது என்பதே சரி. இதன் முதன்மையான இரை குட்டை வாலுடைய ஒருவகைக் காட்டெலி. கடும்பனிக் காலத்தில் அவ்வெலிகள் பனிப்படலத்தின் அடியில், நிலத்தை ஒட்டிய சிறிய இடைவெளியிற் சுரங்கம் அமைத்து வாழும். மேலே உயிர் உறையும் குளிர். கீழே ஓரளவு கதகதப்பு. ஒன்றரை அடி ஆழப் பனிக்கு அடியிலே உலர்புல்லைக் கறிக்கும் எலியின் அரவத்தை மரக்கிளையிலிருந்தவாறே இவ்வாந்தை கேட்டறிகின்றது. பெருமுகம் ஒலியைத் திரட்டும் கிண்ணமாகின்றது. இரு செவித் துளைகளும் ஒரே மட்டத்தில் அமையாமையால், ஒலி வரும் திசையுடன் உயரமும் அதற்குப் புலனாகின்றது.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. பனி ஒலியை மங்கச் செய்வதோடு வளைக்கவும் செய்கின்றது. நீருள் அமிழ்த்திய கோல் முறிந்தாற்போலத் தோன்றுவதை மாணவர் அறிவர். அவ்வாறே சாய்வாகக் கேட்பவனுக்கு எலியின் இடம் பிறழ்ந்து புலப்படும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்தோபர் கிளார்க்கும், கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் நெடுங்காலம் ஆந்தைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் டங்கனும், பிறரொருவரும் சேர்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. ஆந்தைகள் பாய்ந்த பனிக்குழிகளின் அருகே ஒலிபெருக்கிகளைப் புதைத்து ஒலியெழுப்பி, அது மேலே எவ்வாறு வந்து சேர்கின்றது என அவர்கள் அளந்தனர். கனத்த பனியை ஊடுருவி வருவன தாழ்ந்த சுருதிகளே. அவற்றைப் பிடிக்கவல்ல அகன்ற முகம் இவ்வாந்தைக்கு உண்டு. பாய்வதற்கு முன்னர் இது குறியிடத்துக்கு நேர் மேலே சில கணங்கள் சிறகசைத்து அந்தரத்தில் நிற்கின்றது. செங்குத்தாகக் கேட்கும்போது ஒலியின் வளைவு அற்றுப்போகின்றது. எலி இருக்குமிடம் இருந்தபடியே புலனாகின்றது. பிறகு கால்களை முன்நீட்டிக்கொண்டு பனிக்குள் வீழ்கின்றது. விழுந்த இடத்தில், இரு சிறகுகளின் அச்சு மட்டும் விசிறி போல எஞ்சும்.

இனி, இதனை அரிய பறவை என்பது ஏன் என்று பார்ப்போம். தமிழில் அருமை என்னும் சொல் கிடைத்தற்கு அருமையையும் உயர்வையும் ஒருங்கே உணர்த்தும். பறவை நோக்குவோரின் அகராதியிலும் அவ்வாறே. ஆனால் அலாஸ்கா முதற் கனடாவின் ஊசியிலைக் காடுகளினூடாகவும், அப்பால் பின்லாந்து, சைபீரியா வரையும் இப்பறவை தன் இல்லத்தில் தன் பாட்டில் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றது. மினசோட்டாவின் வட பகுதியிலும் சில கூடு கட்டுகின்றன. அருமை என்பது பறவையினிடத்தில் இல்லை. அது வந்து நிற்கும் இடத்தையும் காண்பவனின் கண்ணையும் பொறுத்தது.

மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக் களப்புகளுக்கும் ஆண்டுதோறும் வடநாட்டு வாத்துகளும் கரைப்பறவைகளும் வந்துசேர்வதை நாம் அறிவோம். அவை நாட்காட்டியைப் பார்த்து வருவன போல வருகின்றன. பெருஞ்சாம்பல் ஆந்தையின் வருகை அத்தகையதன்று. காட்டெலிகளின் தொகை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பின் சரியும். பெருகிய காலத்திற் குஞ்சுகள் மிகுதியாகப் பிழைக்கும். சரிந்த காலத்தில் அத்தனை வாய்களுக்கும் இரை இராது. அப்பொழுதே ஆந்தைகள் தெற்கு நோக்கித் திரள்கின்றன. எந்த ஆண்டு, எவ்வளவு தொலை என்று எவரும் உறுதி கூறுவதற்கில்லை.

2004ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2005ஆம் ஆண்டின் இளவேனில் வரை மினசோட்டாவில் நிகழ்ந்தது அத்தகைய ஒரு பெயர்வு. அதனை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓர் ஆந்தையைக் கண்டாலே நாட்குறிப்பில் அடிக்கோடிட்டு எழுதியவர்கள், ஒரே நாளில் நூற்றுக்கு மேல் எண்ணினர். அந்தப் பருவம் முழுவதிலும் மாநிலத்திற் பதிவான பெருஞ்சாம்பல் ஆந்தைகளின் தொகை 5,000க்கும் அதிகம். வேலிக் கம்பங்களிலும், தெருப் பெயர்ப் பலகைகளிலும், வீட்டு முற்றத்து மரங்களிலும் அவை அமர்ந்திருந்தன.

அவற்றைத் தெருவுக்கு ஈர்த்தவை அந்தப் பழைய வாய்க்கால்கள் போன்ற தெருவோரப் பள்ளங்களே. பள்ளத்துப் புல்லில் எலி வாழும். எலியின் பின்னே ஆந்தை வரும். செவி முழுவதையும் பனியிற் பதித்துவிட்டு, நிலத்துக்கு மிக அணித்தாய், மோட்டார் வண்டியின் முகப்பளவு உயரத்தில், தெருவைக் குறுக்கறுத்துப் பறப்பது இதன் இயல்பு. அப்பருவத்தில் வண்டிகளில் மோதி இறந்தவை நூற்றுக்கணக்கானவை. மோதிய வண்டிகளுள் ஆந்தை காண வந்தோருடையவை எத்தனை என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

பசியே அவற்றை விரட்டியது என்று அன்று எல்லோரும் பேசினர். இவ்வாந்தையைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால் பசி என்ற ஒரே விடையை எல்லாப் பறவைக்கும் பொருத்திவிடுவது எத்துணைத் தவறு என்பதைப் பனி ஆந்தை 2013ஆம் ஆண்டிற் கற்பித்தது. அவ்வாண்டின் இறுதியில் கனடாவின் வடகோடியிலிருந்து வெண்ணிறப் பனி ஆந்தைகள் பெருந்தொகையாய் இறங்கின. அத்திலாந்திக் கரையெங்கும் பரவின. ஒன்று புளோரிடாவையே எட்டியது. பட்டினியால் மெலிந்து அலைகின்றன என்று பலரும் இரங்கினர். பிடித்து எடைபார்த்தவர்களோ, அவற்றுட் பல நன்கு கொழுத்த இளம் பறவைகள் எனக் கண்டனர். முந்திய கோடையில் வட கியூபெக்கில் லெமிங் என்னும் துருவத்து எலிகள் பெருகியிருந்தன. ஒரு கூட்டினைச் சுற்றி 70 லெமிங்குகளும் 8 காட்டெலிகளும் அடுக்கப்பட்டிருந்ததைக் காட்டும் நிழற்படம் அன்று பலராலும் பேசப்பட்டது. மிகுந்த உணவால் மிகுந்த குஞ்சுகள். மிகுந்த குஞ்சுகளால் நெடுந்தொலைப் பரம்பல். இவற்றின் வருகைக்குக் காரணம் வளமே. அக்கடுங்குளிர்ப் பருவத்திலேயே சில பறவைகளின் முதுகிற் சிறு கருவிகள் பொருத்தப்பட்டன. இரவிலே திறந்த நீர்ப்பரப்பின் மேற் சென்று நீர்ப்பறவைகளை வேட்டையாடுவதையும், பேரேரிகளின் பனிக்கட்டி மீது நாட்கணக்கிற் தங்குவதையும் அவை காட்டிக்கொடுத்தன. இரங்கியவர்கள் கரையில் நின்று இரங்கிக்கொண்டிருந்த வேளையில் பறவை தன் வேலையைச் செம்மையாய்ச் செய்துகொண்டிருந்தது.

மரமற்ற துருவச் சமவெளியிற் பிறந்த அப்பறவைக்கு விமானநிலையத்து வெற்றுவெளி சொந்த ஊர்போலத் தோன்றுகின்றது. 2013 திசெம்பரில் நியூ யோர்க்கின் ஜோன் கென்னடி விமானநிலையத்தில், விமானங்களுக்கு இடராகும் என அஞ்சி மூன்று பனி ஆந்தைகள் சுடப்பட்டன. மக்கள் கொதித்தெழுந்தனர், இனிமேற் பிடித்து வேறிடத்தில் விடுவதாக அதிகாரிகள் அறிவித்தனர். பொஸ்ரன் நகர விமானநிலையத்தில் நோர்மன் சிமித் என்பவர் 1981ஆம் ஆண்டு முதல் அவ்வாறே செய்துவந்தமை அப்பொழுதுதான் பலருக்குத் தெரியவந்தது.

துப்பாக்கியைத் தாழ்த்திக் கண்ணை உயர்த்தும் இப்பழக்கம் அந்நாட்டில் எளிதில் வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நத்தார் நாளிற் கட்சி பிரிந்து காட்டுக்குச் சென்று, அகப்பட்ட பறவை விலங்குகளையெல்லாம் சுட்டுக் குவித்து, எவர் குவியல் பெரிது என்று பார்ப்பது ஒரு விளையாட்டாக இருந்தது. அதற்கு மாற்றாக, 1900 திசெம்பர் 25ஆந் திகதி, பறவையியல் அறிஞர் பிராங்க் சாப்மன் பறவைகளை எண்ணும் வழக்கத்தைத் தொடக்கினார். அன்று 25 இடங்களில் 27 பேரே எண்ணினர். இன்று பல்லாயிரவர் எண்ணுகின்றனர். மினசோட்டாவின் ஆந்தைக் கணக்குகளெல்லாம் இத்தகைய எளிய மனிதரின் குறிப்பேடுகளிலிருந்தே திரண்டவை.

இன்றைய துப்பாக்கி நிழற்படக் கருவிதானோ என்று சில வேளைகளில் ஐயுற வேண்டியிருக்கின்றது. கடையில் வாங்கிய வெள்ளெலிகளைப் பனிமீது எறிந்து, ஆந்தை நேரே தம்மை நோக்கிப் பறந்து வரும் படத்தை எடுப்போர் உளர். பசித்த பறவைக்கு உணவிடுவதில் என்ன பிழை என்று கேட்கின்றனர். பசித்தவர்க்கு உணவிடுதலை நம் மரபும் போற்றும். ஆயினும் படம் எடுத்து முடிந்ததும் உணவும் முடிந்துவிடுமானால் அதனைத் தூண்டில் என்பதே பொருந்தும். மனிதனையும் அவன் வண்டியையும் இரையோடு சேர்த்து எண்ணப் பழகிய ஆந்தை தெருவைவிட்டு நீங்காது. தெருவிலோ என்ன நேருமென்று 2005ஆம் ஆண்டே காட்டிவிட்டது. 2021 சனவரி 27ஆந் திகதி நியூ யோர்க்கின் சென்றல் பூங்காவில் ஒரு பனி ஆந்தை இறங்கியது. 1890ஆம் ஆண்டுக்குப் பின்னர் அங்கு அதுவே முதலாவது. கைப்பேசி வழியே செய்தி பரவ, சில மணி நேரத்துள் வேலியோரம் மக்கள் திரண்டனர். இடத்தை உடனே பறைசாற்றலாமா, கூடாதா என்ற வாதம் அன்று மூண்டு இன்றும் ஓயவில்லை. ஆந்தை இருக்குமிடத்தை மறைத்துக் கூறுவோரைத் தன்னலக்காரர் என்று சிலர் பழிக்கின்றனர். எனக்கு அவர்கள்மீது மதிப்பே உண்டு.

சாக்ஸ்-சிம்மின் தெருக்களில் மெதுவாக ஓட்டுமாறும், ஆந்தையைக் கண்டால் வண்டியைவிட்டு இறங்காது உள்ளிருந்தே பார்க்குமாறும் வருவோரிடம் உள்ளூர் அன்பர்கள் கேட்டுக்கொள்கின்றனர். பெரும்பாலோர் கேட்கின்றனர். பங்குனி பிறந்து பகல் நீண்டு பனி இளகத் தொடங்கியதும், ஆந்தைகள் ஒன்றிரண்டாய் வடக்கே திரும்பிவிடும். வந்த நாளை நேரத்தோடு குறித்து வைத்தவர்களின் ஏடுகளிலும், அவை போன நாள் அரிதாகவே எழுதப்பட்டிருக்கின்றது. ஒரு காலையிற் கம்பம் வெறுமையாயிருக்கும்; மறுநாளும் அவ்வாறே இருக்கும்.