எக்ஸெல்லில் திறந்தால் பெயரெல்லாம் குழம்பி வருதா? 'சேவ்' பண்ணிடாதீங்க!

ஆன்லைன் ஃபார்ம் மூலம் 200 பேரிடம் பெயர், பேங்க் அக்கவுன்ட் நம்பர் வாங்குறீங்க. டவுன்லோடு ஆன சி.எஸ்.வி ஃபைலை எக்ஸெல்லில் திறந்தால், தமிழ்ப் பெயரெல்லாம் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாக நிற்குது. பதறாதீங்க, ஃபைல் கெட்டுப்போகலை.

சி.எஸ்.வி என்பது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் டெக்ஸ்ட். 'இது எண், இது தேதி' என்ற குறிப்பெல்லாம் அதில் கிடையாது. எக்ஸெல்தான் யூகிக்கும். தமிழ் யூ.டி.எஃப்-8 முறையில் பதிவாகியிருக்க, அதைப் பழைய விண்டோஸ் முறையில் படித்துவிட்டால் இந்தக் குழப்பம்.

எழுத்துப் பிரச்னையாவது கண்ணுக்குத் தெரியும். நம்பர் விஷயம் சத்தமில்லாமல் கவிழ்க்கும். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். 16 இலக்க அக்கவுன்ட் நம்பரில் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்களும் காலி. சேவ் பண்ணாமல் மூடினால் ஒரிஜினல் தப்பிக்கும். பண்ணிட்டீங்கன்னா, அந்த ஃபைலில் இருந்து பழைய நம்பரை மீட்க முடியாது. பணம் யாருக்குப் போகும்னு யோசிச்சுப் பாருங்க!

விஞ்ஞானிகளே இதில் மாட்டியிருக்காங்க. 'மார்ச்1' என்ற மரபணுப் பெயரை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் அதுபோன்ற பெயர்களையே மாற்றிவிட்டார்கள்.

சரி, எப்படித் திறப்பது? டபுள் க்ளிக் வேண்டாம். காலி எக்ஸெல் ஷீட்டில் 'டேட்டா' மெனு போய், 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி' மூலம் ஃபைலைத் தேர்வு செய்யுங்க. 'ஃபைல் ஆரிஜின்' இடத்தில் '65001 யூனிகோடு' கொடுத்தால் தமிழ் சரியாகிடும். 'டேட்டா டைப் டிடெக்‌ஷன்' இடத்தில் 'டூ நாட் டிடெக்ட்' கொடுங்க. நம்பர்கள் டெக்ஸ்ட்டாகவே வரும். அப்புறம் 'லோடு'.

ஏற்கெனவே சேவ் பண்ணியாச்சா? ஃபார்மில் இருந்து மறுபடி டவுன்லோடு பண்ணிடுங்க.