தாய்ப்பறவைக்காக ஒரு கட்டளை

மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளை ஒப்புவிக்கவே நம்மில் சிலர் திணறுகிறோம். யூதருக்கோ, தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களில் 613 கட்டளைகள் உண்டு என்பது மரபு! 'செய்' என்பவை 248. 'செய்யாதே' என்பவை, ஆண்டின் நாள்களைப் போல, 365. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின், பலிகளைப் பற்றியவற்றை நிறைவேற்ற வழியில்லை.

இவற்றுள் என் மனத்தைத் தொட்டது இணைச்சட்ட நூலிலுள்ள ஒரு சிறு கட்டளை. கூட்டிலுள்ள குஞ்சுகளை எடுக்க விரும்பினால், தாய்ப்பறவையை முதலில் போகவிட வேண்டும். குஞ்சுக்காகத் தாய் படும் வேதனை மனிதருக்கும் விலங்குக்கும் ஒன்றே என்று 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் விளக்குகிறார். (எங்கள் வீட்டுக் கோழியைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.) இதற்குப் பரிசு நீடிய வாழ்வு. தாய் தந்தையரை மதிப்பதற்கும் அதே பரிசுதான்!

ஆனால் யூதரின் தால்முத் நூல் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. குஞ்சுகளை எடுத்துவரும்படி தந்தை சொல்ல, மகன் உயரத்தில் ஏறினான். தாய்ப்பறவையைப் போகவிட்டான், குஞ்சுகளை எடுத்தான். திரும்பும்போது விழுந்து இறந்தான். இரண்டு கட்டளைகளையும் ஒரே வேளையில் நிறைவேற்றியவன்! நீடிய வாழ்வு எங்கே? எலிசா பென் அபூயா என்ற பேரறிஞர் விசுவாசத்தை இழந்தது இத்தகைய காட்சியைக் கண்டதால்தான் என்பர் சிலர். அவருடைய மகள் வயிற்றுப் பேரனான ரபி யாக்கோபு, அந்த வாழ்வு மறுமையில் கிடைப்பது என்று பொருள் கூறினார். பேரனைப் போலப் பாட்டனாரும் பொருள் கொண்டிருந்தால் வழிதவறியிருக்க மாட்டார் என்கிறது தால்முத்.