நுங்கு வண்டியும் மரக்கன்றும்

மகளின் பிறந்தநாள் வைகாசியில் வருகிறது. எங்கள் கீரமங்கலம் பக்கம் அது நுங்குக் காலம். மண்டபமும் பலூன் வளைவும் எதற்கு? பிள்ளைகள் நுங்கை நோண்டித் தின்றதும், காலியான கோந்தைகள் இரண்டை ஒரு குச்சியின் இருமுனையிலும் செருகுவோம். நடுவில் கவைக்கம்பு வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். பனையோலைத் துண்டுகளைக் குறுக்காக வைத்துக் கருவேல முள்ளால் சோளத்தட்டையில் குத்தினால் காற்றாடி. முள்ளை மட்டும் பெரியவர்கள் குத்த வேண்டும். பூவரசு இலையைச் சுருட்டி நுனியை நசுக்கினால் பீப்பி, தெருவே அலறும்!

விடைபெறும் பிள்ளைகளுக்கு மரக்கன்று. பக்கத்துச் சேந்தன்குடி ‘மரம்’ தங்கசாமி ஐயா, 2018-இல் மறையும்வரை, பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் மரம் நடச் சொல்லிவந்தார். அந்த ஆண்டே கஜா புயல் எங்கள் தென்னையையும் பலாவையும் சாய்த்தது. மரம் இழந்த ஊரில் மரக்கன்றைவிட நல்ல பரிசு எனக்குத் தெரியவில்லை. வைகாசி வெயிலில் நட்டால் கருகும். பையிலேயே நீர் ஊற்றி வளர்த்து, ஐப்பசி மழையில் நடச் சொல்லி அனுப்புகிறோம்.