ஹைட்ரஜன் சல்பைடு எரிதலும் ஹைட்ரஜன் மீட்பும்

கச்சா எண்ணெயில் கலந்துள்ள கந்தகத்தை நீக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்பதால் இத்தேவை மிகுந்துள்ளது. மீத்தேனை நீராவியுடன் வினைபுரியச் செய்தே இந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் பெறப்படுகிறது. அதில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 9 முதல் 10 கிலோகிராம் கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. இவ்வாறு பெற்ற ஹைட்ரஜன், கந்தகத்துடன் இணைந்து ஹைட்ரஜன் சல்பைடாகிறது. கொடிய நஞ்சாகிய இவ்வாயு, செறிவு மிகும்போது நுகர்வுணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றமின்மையை ஆபத்தின்மையாகக் கொள்ள இயலாது.

1883இல் கார்ல் ஃபிரீட்ரிக் கிளவுஸ் காப்புரிமை பெற்ற முறையின் திருத்திய வடிவமே இவ்வாயுவைக் கையாள இன்றும் பரவலாக வழக்கிலுள்ளது. மூன்றில் ஒரு பங்கு வாயு உலையில் எரிந்து கந்தக டைஆக்சைடாகிறது. அது எஞ்சிய இரு பங்குடன் வினைபுரிந்து கந்தகத்தையும் நீரையும் தருகிறது. கந்தகம் மீட்கப்படுகிறது, ஹைட்ரஜனோ நீராகிவிடுகிறது. ஒரு டன் கந்தகத்துக்கு ஏறத்தாழ 63 கிலோகிராம் ஹைட்ரஜன் இவ்வாறு இழக்கப்படுகிறது. உலை வெப்பத்தால் நீராவி கிடைக்கிறது என்பது உண்மையே. ஆயினும், பொருள் செலவிட்டு ஆக்கிய ஹைட்ரஜனுக்கு அது ஈடாகாது.

இவ்வாயுவை நேரடியாகப் பிளக்க இயலுமா? ஒரு மோல் ஹைட்ரஜன் சல்பைடை ஹைட்ரஜனாகவும் கந்தக ஆவியாகவும் பிரிக்க ஏறத்தாழ 85 கிலோஜூல் போதும். நீராவியைப் பிரிக்க 242 கிலோஜூல் தேவை. ஆனால் வேதிச் சமநிலை தடையாக நிற்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் 1000 டிகிரி செல்சியசில்கூட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே சிதைவுறும். மெல்லக் குளிரவிட்டால் அதுவும் மீண்டும் இணைந்துவிடும்.

இங்குதான் எரிதல் துணையாகிறது. ஒரு மோல் முழுமையாக எரிந்தால் 518 கிலோஜூல் வெளிப்படும். கணக்களவில் இது ஆறு மோல்களைப் பிளக்கப் போதுமானது. வாயுக்களைச் சூடேற்றவும் வெப்பம் செலவாவதால் நடைமுறையில் அவ்வளவு கிட்டாது. ஆக்சிஜன் குறைந்த சுடரில் ஒரு பகுதி எரிய, அவ்வெப்பத்தில் மறு பகுதி சிதைகிறது. கிளவுஸ் உலையிலேயே சிறிதளவு ஹைட்ரஜன் இவ்வாறு தோன்றுகிறது. அடுத்துள்ள கொதிகலனில் வாயு குளிரும்போது அதில் ஒரு பகுதி கந்தகத்துடன் மீண்டும் சேர்கிறது. ஆகவே, விரைந்து குளிர்வித்தலே இம்முறையின் உயிர்நாடி. நுண்துளைப் பீங்கான் படுகையினுள் எரித்து, வெளியேறும் வெப்பத்தை உள்வரும் வாயுவுக்கே திருப்பும் ஆய்வுகளும் நடந்துள்ளன.

மற்றொரு வழியும் உண்டு. வாயுவை முழுமையாக எரித்துக் கிடைக்கும் கந்தக டைஆக்சைடை அயோடினுடனும் நீருடனும் வினைபுரியச் செய்தால் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் அயோடைடும் உண்டாகும். பின்னதைச் சூடேற்றினால் ஹைட்ரஜன் பிரியும்; அயோடின் மீண்டும் சுழற்சிக்குத் திரும்பும். கந்தக அமிலம் விற்பனைக்குரியது என்பதால், அதை உயர் வெப்பநிலையில் சிதைக்கும் கடினமான படி தேவையில்லை. ஆனால் ஹைட்ரஜன் அயோடைடை நீரிலிருந்து பிரித்தெடுக்க மிகுந்த ஆற்றல் செலவாகிறது. அரிப்பைத் தாங்கும் கலன்களும் விலை மிக்கவை. இவ்விரண்டுமே இம்முறை தொழிற்சாலை அளவை எட்டுவதற்குத் தடைகளாக உள்ளன.